பச்சை டிக்கும் ஆணியில் தொங்கிய கையெழுத்தும்

"டிஜிட்டல் ஒப்பம் செல்லும் எனத் திரையில் பச்சை அடையாளம் தோன்றும் கோப்புகளை மேற்கொண்டு சரிபார்க்க வேண்டியதில்லை. கையால் எழுதிவரும் ஹாஷ் நோட்டு இத்துடன் நிறுத்தப்படுகிறது."

ஜூன் ஒன்பதாம் தேதியிட்ட ஒரு சுற்றறிக்கையின் மூன்றாம் பத்தி இது. நான் வேலை பார்த்த தேயிலைக் கம்பெனியில் இப்போது என் நாற்காலியில் இருக்கும் ஷைனி அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தார். கீழே, அண்ணன் முறையில் அழைத்து, ஒரு வரி: "இக்கா, இது சரியா?" இல்லை என்று அன்றே பதில் போட்டேன். ஏன் இல்லை என்று எழுத இத்தனை பக்கம் வேண்டியிருக்கிறது.

முதலில் சுற்றறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. பச்சை டிக்கை இவ்வளவு நம்பும் அந்தத் தாளில் டிஜிட்டல் ஒப்பம் கிடையாது. யாரோ ஒரு அதிகாரியின் கையெழுத்தைப் படம் பிடித்து அடியில் ஒட்டியிருந்தார்கள். அதுவும் சற்றுச் சாய்வாக. கம்பெனியின் பெயரை நான் எழுதவில்லை. எழுதினால் வக்கீல் நோட்டீஸ் மட்டும் தவறாமல் வந்து சேரும். மற்ற எந்தக் கடிதமும் அவர்களிடமிருந்து சொன்ன தேதியில் வந்ததாக என் டைரியில் இல்லை.

எங்கள் குடும்பம் பாலக்காட்டுக்குக் கிழக்கே புதுநகரத்தில் ஜவுளிக்கடை வைத்திருந்த ராவுத்தர் குடும்பம். துணி கிழிப்பதில் எனக்குக் கை நேராகப் போகாது. தட்டச்சு, ஆறு மாதக் கம்ப்யூட்டர் படிப்பு, சின்ன மாமா கடையில் பில் போட்ட இரண்டு வருடம். பிறகு மாட்டுப்பட்டிக்கு மேலே ஒரு எஸ்டேட் ஆபீஸில் டேட்டா என்ட்ரி வேலை. கற்றுக்கொண்ட காலத்தைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான் இருக்கிறது. வேலை தெரிய ஆரம்பித்தது லலிதா மேடம் வந்த பிறகு.

லலிதா மேடம் பாலக்காட்டுக் கல்பாத்திக்காரர். ஆவணப் பிரிவின் தலைவர். மலைக்குளிருக்குச் சாம்பல் நிறச் சால்வை ஒன்று, இடது கையில் எப்போதும் ஒரு சிவப்பு பென்சில். யாரையும் பாராட்டி நான் கேட்டதில்லை. மேனேஜரிடம் எந்தக் குரலில் பேசுவாரோ அதே குரலில்தான் வாட்ச்மேனிடமும் பேசுவார். அது மரியாதை என்று வாட்ச்மேன் நினைத்தார். அவமரியாதை என்று மேனேஜர் நினைத்தார்.

எஸ்டேட்டின் பழைய சேவைப் பதிவேடுகளை ஸ்கேன் செய்யும் வேலை எங்களிடம் வந்தது. ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஒரு பக்கம்: பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, வேலையில் சேர்ந்த தேதி. ஈரமும் பூச்சியும் தின்றது போக மிஞ்சியது. மேடம் வகுத்த முறை இதுதான். பக்கத்தைக் கண்ணாடியில் மடிப்பின்றி வைக்க வேண்டும். ஸ்கேன் ஆனதும் கோப்பின் நீளத்தை, அதாவது எத்தனை பைட் என்பதை, நோட்டில் எழுத வேண்டும். பிறகு ஹாஷ். ஒரு கோப்பில் உள்ள எல்லாவற்றையும் ஒரு கணக்கில் போட்டு எடுத்தால் அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாக ஒரு குறியீடு வரும். கோப்பில் ஒரு புள்ளியை அழித்தாலும் அந்தக் குறியீடு அடையாளம் தெரியாமல் மாறிவிடும். அதை ஒருவர் திரையைப் பார்த்து நான்கு நான்காகப் படிக்க வேண்டும். மற்றவர் திருப்பிச் சொல்லிக்கொண்டே நோட்டில் எழுத வேண்டும். பதினாறு முறை. ஒரு தடவை தடுக்கினால் ஆரம்பத்திலிருந்து.

அந்தக் குறியீட்டில் ஏ முதல் எஃப் வரை ஆறு ஆங்கில எழுத்துகள் வரும். பி என்பதும் டி என்பதும் ஈ என்பதும் மழைச் சத்தத்தில் ஒன்றாகத்தான் கேட்கும். அதனால் எங்கள் அறையில் அடிமாலி, போடி, சின்னக்கானல், தேவிகுளம், ஏலப்பாறை என்றுதான் படிப்போம். எஃப் எழுத்துக்கு ஊர் கிடைக்கவில்லை. ஃபேக்டரி என்று வைத்துக்கொண்டோம். "மூன்று, போடி, ஏழு, அடிமாலி" என்று நான் படித்துக்கொண்டிருந்தபோது உள்ளே வந்த லாரி டிரைவர் ஒருவர், அது எத்தனை மணி பஸ் என்று விசாரித்துவிட்டுப் போனார்.

இரண்டு குறியீடுகள் ஒன்றா என்று கம்ப்யூட்டரே ஒரு நொடியில் சொல்லிவிடுமே என்று நானும் ஒருநாள் கேட்டேன். மேடம் பென்சிலைக் கீழே வைக்கவில்லை.

"கம்ப்யூட்டர் சொன்னது சரியான்னு கம்ப்யூட்டர்கிட்டயே போய்க் கேட்டா அது இல்லைன்னா சொல்லும்? நீர் படியும் ராவுத்தரே."

விளக்கம் அவ்வளவுதான். மிச்சத்தை நானே யோசித்துப் புரிந்துகொண்டேன். கோப்பை மாற்றுகிறவன் அதே கம்ப்யூட்டரில் இருக்கும் குறியீட்டையும் கூடவே மாற்றிவிடலாம். வேறொரு அலமாரியில், தைத்த நோட்டில், பக்க எண் போட்டு, இரண்டு பேர் சுருக்கொப்பம் வைத்த வரியை மாற்ற வேண்டுமென்றால் அவன் கொஞ்சம் பாடுபட வேண்டும். திருட்டுத்தனம் செய்கிறவர்களில் பெரும்பாலோர் பாடுபடத் தயாராக இருப்பதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் மேடம் நோட்டில் ஏதோ ஒரு பழைய வரியில் விரல் வைத்து, அந்தக் கோப்புக்கு மறுபடி ஹாஷ் எடுக்கச் சொல்வார். பொருந்தினால் சிவப்பில் ஒரு சின்னக் கோடு. எல்லாக் கோப்புகளுக்கும் ஒரு பிரதி டிஸ்க்கில் ஏற்றி, தேயிலை மாதிரி அனுப்பும் ஈயத்தாள் போட்ட டின்னுக்குள் வைத்திருந்தார். அதில் ஈரம் புகாது.

மேடம் ஓய்வு பெற்றார். பிரிவுபசாரத்தில் மேனேஜர் அவர் பெயரை லட்சுமி என்று சொன்னார். யாரும் திருத்தவில்லை. மேடமும் திருத்தவில்லை, டின்னின் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்குப் போய்விட்டார்.

அவருக்குப் பதிலாக யாரையும் போடவில்லை. கொச்சியிலிருந்து மாதம் இரண்டு தடவை வந்துபோகும் ஆலோசகர் ஒருவரை ஏற்பாடு செய்தார்கள். அவர் முதல் வருகையிலேயே இரண்டு யோசனைகள் சொன்னார். ஸ்கேன் ஆகிவிட்டதால் பழைய பதிவேடுகளைக் காகிதக் கூழாலைக்கு அனுப்பிவிடலாம் என்பது ஒன்று. அனுப்பினார்கள். ஒவ்வொரு கோப்பிலும் மேனேஜரின் டிஜிட்டல் ஒப்பத்தை ஏற்றிவிட்டால் பிறகு சந்தேகத்துக்கே இடமில்லை என்பது இன்னொன்று. அதற்காக மேனேஜர் பெயரில் டோக்கன் வந்தது.

டோக்கன் என்பது கட்டைவிரல் அளவுள்ள ஒரு பொருள். கம்ப்யூட்டரில் செருகி, 'பின்' என்ற ரகசிய எண்ணை அடித்தால் கோப்பில் அவருடைய ஒப்பம் ஏறும். இதை யார் கையிலும் தரமாட்டேன், எண்ணை யாருக்கும் சொல்லமாட்டேன் என்று வாங்கும்போதே எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் மேனேஜரும் எழுதிக் கொடுத்தார். கொடுத்த அன்று மாலையே டோக்கனில் சணல் கட்டி, ஆபீஸ் கதவுக்குப் பின்னால் ஃபேக்டரிச் சாவியும் ஜீப் சாவியும் தொங்கும் ஆணியில் மாட்டினார். பின் எண் மறந்துவிடக்கூடாது என்று பிளாஸ்திரியில் எழுதி அதன் முதுகில் ஒட்டியிருந்தது. அந்த எண் எட்டு இலக்கம். ஒன்றில் தொடங்கி எட்டில் முடியும். நடுவில் என்ன என்று யாரும் யோசிக்க வேண்டியதில்லை. குமாஸ்தாக்கள் ஒருவருக்கொருவர் "தொரை கையெழுத்தை இங்க எடுங்க" என்று கேட்டு வாங்கிக்கொள்வார்கள். எஸ்டேட்டில் மேனேஜரைத் துரை என்றுதான் சொல்வது. ஒருமுறை அது மூன்று நாள் காணாமல் போய், ஸ்டோரில் உர மூட்டை மேல் கிடைத்தது. அந்த மூன்று நாளும் பெரிய கவலை, ஜீப் சாவியும் அதோடு சேர்ந்து போய்விட்டதே என்பதுதான்.

இது தவறு என்று எழுத்தில் இரண்டு தடவை கொடுத்தேன். முதல் குறிப்புக்குப் பதில் இல்லை. இரண்டாவதன் மேல் "பார்த்தேன்" என்று எழுதித் திருப்பி வைத்திருந்தார்கள். யார் பார்த்தார்கள் என்று இல்லை.

செல்லக்கனி என்னைத் தேடி வந்தது இதற்கெல்லாம் பிறகு, ஒரு புதன்கிழமை. கொழுந்து நிறுத்துக் கொடுத்துவிட்டு, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் படுதாவைக்கூட அவிழ்க்காமல் வாசலில் நின்றார். தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மலையேறிய குடும்பம். கையில் கம்பெனிக் கடிதம்: வயது பூர்த்தியாகிவிட்டது, மாதக் கடைசியோடு ஓய்வு, மூன்று மாதத்தில் லயத்து வீட்டைக் காலி செய்யவும்.

"பாய், எங்க வயசெல்லாம் நீங்கதான் டப்பாக்குள்ள பூட்டி வச்சிருக்கீகளாம். என்னோடதை எடுத்து நல்லாப் பாருங்க. எங்க அக்காவுக்கு இன்னும் ரெண்டு வருசம் வேலை இருக்கு. நான் அவளுக்கு முந்தியா பொறந்தேன்?"

அக்காளும் அதே எஸ்டேட்டில் அதே டிவிஷனில் கொழுந்து எடுப்பவர். செல்லக்கனியின் கணவர் கால் விளங்காமல் வீட்டோடு இருந்தார். பிள்ளைகள் யாரும் எஸ்டேட்டில் வேலைக்குச் சேரவில்லை. வேலை போனால் வீடும் போகும். அந்த லயத்தின், அதாவது வரிசை வீடுகளின், முன்பக்கம் அணையைப் பார்த்து இருந்தது. சுற்றுலா அறைகளாக மாற்றலாம் என்று அந்த வரிசையை இரண்டு மாதம் முன்பு அளந்து போயிருந்தார்கள். இதை நான் ஒரு தகவலாக மட்டும் எழுதுகிறேன்.

கோப்பைத் திறந்தேன். பிறந்த ஆண்டின் கடைசி இலக்கம் இரண்டு. மேலே பச்சை டிக். ஒப்பமிட்டவர் மேனேஜர். நாள் சில வாரம் முந்தைய ஒரு வியாழக்கிழமை, முற்பகல் 11.42. அக்காளுடைய கோப்பில் கடைசி இலக்கம் நான்கு. பதிவேட்டின்படி தங்கை இரண்டு வருடம் மூத்தவர். பச்சை டிக்குக்கு இதில் ஒரு சங்கடமும் இல்லை. ஒப்பமிட்ட பிறகு கோப்பு மாறவில்லை என்பது ஒன்றுதான் அதற்குத் தெரியும். ஒப்பமிடும் முன் என்ன நடந்தது, டோக்கனைச் செருகிய விரல் யாருடையது, இதெல்லாம் அதன் வேலை இல்லை. இதைப் புரியவைக்க நான் எத்தனையோ மேஜைகளுக்கு முன்னால் நின்றிருக்கிறேன். தலையாட்டாதவர் இல்லை.

மேனேஜர் அறையில் திங்கட்கிழமை விசாரணை. மேனேஜர், கொச்சி ஆலோசகர், செல்லக்கனி, நான். செல்லக்கனிக்கு நாற்காலி போடவில்லை. என்னுடையதைத் தள்ளிக் கொடுத்துவிட்டு நான் நின்றுகொண்டேன். நிற்பது வசதியாகவும் இருந்தது.

ஆலோசகர் திரையைக் காட்டி, சந்தேகம் எதற்கு என்று மலையாளத்தில் கேட்டார். "பச்ச டிக் உண்டல்லோ? பின்னெ எந்தா சம்சயம்?"

நோட்டில் உள்ள ஹாஷோடு இந்தக் கோப்பு பொருந்தவில்லை என்றேன். அவர் சிரித்தார். ஒப்பம் ஏற்றினாலே கோப்பு மாறிவிடும், மாறினால் ஹாஷும் மாறத்தான் செய்யும், இதுகூடத் தெரியாதா என்று கேட்டார். கேள்வி நியாயமானது, பதில் அவருக்குத் தெரியாததுதான் வேடிக்கை. நாங்கள் பயன்படுத்திய முறையில் ஒப்பம் கோப்பின் வாலில்தான் ஒட்டிக்கொள்ளும். முன்பகுதி ஸ்கேன் செய்தபடியே இருக்கும். பழைய நீளம் எத்தனை பைட் என்று நோட்டில் இருக்கிறது. அந்த இடத்தில் வாலை வெட்டிவிட்டு முன்பகுதிக்கு மட்டும் ஹாஷ் எடுத்தால், நோட்டில் உள்ளது வர வேண்டும்.

அதே வியாழக்கிழமை ஒப்பம் ஏறிய வேறு மூன்று பேரின் கோப்புகளை முதலில் வெட்டினேன். திரையைப் பார்த்து ஆலோசகரைப் படிக்கச் சொன்னேன். இது சின்னப்பிள்ளை விளையாட்டு என்றார். மேனேஜருக்குப் பதினொரு மணிக்கு வேறு வேலை இருந்தது. படித்துத் தொலையுங்கள் என்ற அர்த்தத்தில் கையை அசைத்தார். ஆலோசகர் படித்தார். அவர் பி என்றபோது போடியா என்று கேட்டேன். டி என்றபோது தேவிகுளமா என்று கேட்டேன். இரண்டாவது கோப்பு வருவதற்குள் அவரே தேவிகுளம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டார். மூன்றும் பதினாறு முறையும் பொருந்தின.

நான்காவது செல்லக்கனியின் கோப்பு. முதல் நான்கு எழுத்துகளிலேயே பொருந்தவில்லை. பிறகு டின்னைத் திறந்து டிஸ்க்கை எடுத்தேன். அதிலிருந்த அவருடைய கோப்புக்கு ஹாஷ் எடுத்தோம். ஆலோசகர் இப்போது மெதுவாகப் படித்தார். பதினாறும் பொருந்தின. கோப்பைத் திறந்தால் அதே பக்கம், அதே பூச்சி அரித்த ஓரம். கடைசி இலக்கம் மட்டும் ஏழு. கம்ப்யூட்டரில் இருந்த கோப்பில் அந்த ஏழின் காலை வளைத்து, அடியில் ஒரு கோட்டை நீட்டி இரண்டாக்கியிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தால் அந்தக் கோட்டில் மட்டும் காகிதத்தின் சொரசொரப்பு இல்லை. அப்படிப் பெரிதாக்கிப் பார்க்கும் ஆள் இருப்பார் என்று செய்தவருக்குத் தோன்றவில்லை. அந்த ஆபீஸை நன்றாக அறிந்தவராகத்தான் இருக்க வேண்டும்.

அப்போது ஆலோசகர் அன்றைய தினத்தின் ஒரே புத்திசாலித்தனமான கேள்வியைக் கேட்டார். நோட்டை எழுதியது நான், டிஸ்க் இருந்தது என் சாவியில்; இரண்டையும் நானே போன வாரம் தயாரிக்கவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி?

பக்க எண்ணைக் காட்டினேன். தையலைக் காட்டினேன். இரண்டு சுருக்கொப்பங்களையும் சிவப்புக் கோட்டையும் காட்டினேன். மேனேஜர் கல்பாத்திக்குப் போன் போட்டு ஒலிபெருக்கியில் வைத்தார். லலிதா மேடம் நலம் விசாரிக்கவில்லை.

"எத்தனாவது பக்கம்? நாப்பத்தொண்ணா? என் இனிஷியல் இருக்கோ? இருந்தா நான் பாத்தேன்னு அர்த்தமாக்கும். இல்லைன்னா பாக்கலை. இதுக்குப் போய் எதுக்கு ஃபோன் பண்றேள்?"

வைத்துவிட்டார். இப்போது மேனேஜர் முன்னால் ஒரே ஒரு கேள்விதான் மிச்சம்: ஒப்பமிட்டது யார்? வியாழக்கிழமை முற்பகல் அவர் தலைமை அலுவலக விருந்தாளிகளோடு மாட்டுப்பட்டி அணையில் படகில் இருந்தார். ஜீப்பின் ஓட்டப் பதிவேட்டில் போன நேரமும் வந்த நேரமும் இருந்தன. ஒப்பமிட்டது தான்தான் என்று அவர் சொன்னால் மாற்றப்பட்ட கோப்புக்கு அவர் பொறுப்பு. தான் இல்லை என்று சொன்னால், யார் கையிலும் தரமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தது என்ன ஆயிற்று என்ற கேள்வி வரும். அவர் அடுத்தடுத்து இரண்டையும் சொன்னார். தன்னுடைய ஒப்பம்தான் என்றார். பிறகு, தான் பார்த்து இட்டதாகச் சொல்ல முடியாது என்றார். இந்த இரண்டு வாக்கியங்களையும் அப்படியே எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.

செல்லக்கனி கதவுப் பக்கம் பார்த்தார். கதவு பாதி திறந்திருந்தது, ஆணி தெரிந்தது.

"அப்பச் சணல் கயித்துல தொங்குறதுதான் தொரை கையெழுத்தா? அதை எடுக்கிறவன்லாம் தொரையா? தெரியாமப் போச்சே பாய். நானே வந்து எடுத்து, எனக்கு இன்னும் பத்து வருசம் போட்டுட்டுப் போயிருப்பேனே."

மேனேஜர் பதினொரு மணி வேலைக்கு எழுந்துவிட்டார்.

ஓய்வுக் கடிதம் திரும்பப் பெறப்பட்டது. எழுத்தில் அல்ல, வாயால். செல்லக்கனி மறுநாள் வழக்கம்போல வேலைக்குப் போனார், வீட்டைக் காலி செய்யவில்லை. சரியான கோப்பை டிஸ்க்கிலிருந்து நான் ஏற்றினேன். இம்முறை மேனேஜர் தன் கையாலேயே, என் கண்முன்னால், பின் எண்ணை ஒவ்வொரு விரலாகத் தேடி அடித்தார். கோப்பை மாற்றியது யார் என்று விசாரிக்க ஒரு கமிட்டி போடப்படும் என்றார்கள். போட்டதாகத் தெரியவில்லை. பாதுகாப்பைப் பலப்படுத்தினார்கள் என்பது மட்டும் உண்மை. டோக்கன் ஆணியிலிருந்து மேஜை இழுப்பறைக்குப் போனது. இழுப்பறைக்குப் பூட்டும் போட்டார்கள். பூட்டின் சாவியை அதே ஆணியில் மாட்டினார்கள். ஆலோசகர் அடுத்த அறிக்கையில் இதைத் தன் பரிந்துரைகளின் பலன் என்று எழுதினார்.

இதில் நான் பெருமைப்பட ஏதாவது இருக்குமென்று கொஞ்ச நாள் நினைத்திருந்தேன். என் வேலையின் கடைசி மாதத்தில் ஏலக்காய் வாங்க நான் உடும்பஞ்சோலைக்குப் போன ஜீப்பில் செல்லக்கனியும் ஏறினார். உறவில் ஏதோ கல்யாணம். பேச்சுவாக்கில், அந்த ஏழு சரிதானே, அந்த வருடம்தானே பிறந்தீர்கள் என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டியதில்லை. ஆனால் தேதி என்று வந்தால் எனக்கு வாய் நிற்காது.

"அது எனக்கு எப்படித் தெரியும்? பேரு பதிய வந்த அன்னைக்கு அந்தக் காலத்துக் கணக்கப்பிள்ளை நிமிர்ந்து மூஞ்சியைப் பார்த்தாரு, எழுதுனாரு. அக்காவுக்கும் அவருதான் பார்த்தாரு. ரெண்டு பேருக்கும் பொறந்த தேதி ஜூன் ஒண்ணு. நீங்க கவனிக்கலியா பாய்?"

கவனித்திருக்கவில்லை. அறுபத்து நான்கு எழுத்துகளை நான்கு நான்காக உரக்கப் படித்த நான், ஆண்டின் கடைசி இலக்கத்தை அத்தனை பெரிதாக்கிப் பார்த்த நான், பக்கத்திலேயே இருந்த நாளையும் மாதத்தையும் பார்க்கவில்லை. ஆபீஸுக்குத் திரும்பியதும் டிஸ்க்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பதிவேட்டில் தொடர்ச்சியாக இருபத்தாறு பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்திருந்தார்கள்.

ஸ்கேன் செய்த நாளிலிருந்து அந்தப் பக்கம் மாறவில்லை என்பதற்கு நான் எங்கே வேண்டுமானாலும் சாட்சி சொல்வேன். அதற்கு முன்னால் ஒரு கணக்கப்பிள்ளை நிமிர்ந்து பார்த்த ஒரு பார்வை இருக்கிறது. அதற்கு ஹாஷ் கிடையாது. அவர் பெயரைக்கூடப் பதிவேட்டில் காணோம். நோட்டின் நாற்பத்தொன்றாம் பக்கத்தில், மேடத்தின் சிவப்புக் கோட்டுக்குக் கீழே இடம் இருந்தது. அன்றைய தேதியும் நேரமும் போட்டு எழுதினேன்: கோப்பு சரி. செல்லக்கனி பிறந்த ஆண்டு சரிபார்க்கப்படவில்லை.

இரண்டாவது சுருக்கொப்பம் வைக்க ஆள் இல்லை. அந்த இடம் காலியாகவே இருக்கிறது.